டிபிஎஸ் வைத்து நான்கு மாதம். எழுந்து நின்றால் பிபி சரிகிறது. காரணம் கருவியா, மாத்திரையா, நோயா?

காவிரிக்கரை டாக்டர்

வணக்கம். பொது மருத்துவராகப் பார்க்கிற ஒரு நோயாளி பற்றி நரம்பியல் நண்பர்களின் கருத்து வேண்டும்.

64 வயது ஆண். 11 வருடமாக பார்க்கின்சன். நான்கு மாதம் முன்பு மூளையின் இரண்டு பக்கமும் சப்தலாமிக் நியூக்ளியஸ் என்ற பகுதியில் டிபிஎஸ் (மின்முனை வைத்து மூளையைத் தூண்டும் கருவி) வைத்திருக்கிறார்கள். நடுக்கம், இறுக்கம் இரண்டும் நன்றாகக் குறைந்துவிட்டன. ஆனால் காலை பத்து மணிவாக்கில் எழுந்து நின்றால் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. இரண்டு முறை சுவரைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்துவிட்டாராம். அடி படவில்லை.

கிளினிக்கில் 5 நிமிடம் படுக்கவைத்துப் பார்த்தேன்: 158/92, நாடி 72. நின்று 3 நிமிடத்தில் 104/64, நாடி 78.

அறுவைக்கு முன் பார்க்கின்சனுக்கு ஒரு நாளைக்கு லெவோடோபா (மூளையில் டோபமினாக மாறும் மருந்து) 900 மி.கி., பிராமிபெக்ஸோல் (டோபமினைப் போல வேலை செய்யும் மருந்து) 3 மி.கி. இப்போது சின்டோபா 110 மொத்தம் நாலரை மாத்திரை, அதாவது லெவோடோபா 450 மி.கி.; பிராமிபெக்ஸோல் 0.25 மூன்று வேளை. பத்து வருடமாக ரத்தக் கொதிப்பு என்று அம்லோடிபின் 5 காலையில், டெல்மிசார்டன் 40 இரவில். ப்ராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் 0.4 இரவில். சர்க்கரை இல்லை. ஈசிஜி, கிரியாட்டினின் இயல்பு.

டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கிற கருவி அமைப்பு: 130 ஹெர்ட்ஸ், 60 மைக்ரோசெகண்ட், இடது 2.6 மில்லியாம்பியர், வலது 2.3.

வீட்டில் எல்லோரும் "மெஷின் வெச்சப்புறம்தான் இப்படி" என்கிறார்கள். "ரிமோட்ல ஆஃப் பண்ணிட்டு ஒரு தடவ பிபி பாத்துரலாமா டாக்டர்?" என்று மகன் கேட்கிறார். எனக்கு இருக்கிற குழப்பம் வேறு. லெவோடோபாவைப் பாதியாகக் குறைத்த பிறகு பிபி ஏறத்தானே வேண்டும், ஏன் இறங்குகிறது? எந்த மாத்திரையில் முதலில் கை வைப்பது?

---

வைகை நியூரோ

கருவி பிபியை இறக்குவது மிக அபூர்வம் டாக்டர். உங்கள் நோயாளியின் எண்களிலேயே பாதி விடை இருக்கிறது.

நின்றதும் மேல் அளவு 54 இறங்கியிருக்கிறது. 20 இறங்கினாலே, அல்லது கீழ் அளவு 10 இறங்கினாலே, நிலைமாற்றத் தாழ் அழுத்தம் என்பதுதான் வரையறை. படுக்கையில் ஏற்கெனவே பிபி உயர்ந்திருப்பவருக்கு மேல் அளவில் 30 வரை தள்ளுபடி கொடுப்பார்கள். அதையும் இவர் தாண்டிவிட்டார். இதைவிட முக்கியம் நாடி. 54 இறக்கத்துக்கு நாடி ஏறியது வெறும் 6. ஆறை 54-ஆல் வகுத்தால் 0.11 வரும். 0.5-க்குக் கீழே இருந்தால் கோளாறு நரம்பில் என்று எடுத்துக்கொள்ளலாம். நீர்ச்சத்துக் குறைவாலோ மாத்திரையாலோ மட்டும் இவ்வளவு இறங்குகிறவருக்கு நாடி 27-க்கு மேல் எகிறியிருக்கும். பீட்டா பிளாக்கர் (நாடியைக் குறைக்கும் மாத்திரை) சாப்பிடுகிறவர்களிடமும் பேஸ்மேக்கர் இருப்பவர்களிடமும் இந்தக் கணக்கு செல்லாது.

பார்க்கின்சனில் டோபமின் அணுக்கள் மட்டும் சாவதில்லை. இதயத்துக்கும் ரத்தக்குழாய்களுக்கும் போகிற சிம்பதெடிக் (குழாய்களைச் சுருக்கி நாடியை ஏற்றும் தன்னியக்க) நரம்பு முனைகளும் உதிர்கின்றன. எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கு மேல் ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. அந்த நேரத்தில் குழாய்களைச் சுருக்க வேண்டிய நார்அட்ரினலின் வராது. இந்த நரம்பு முனைகளைக் காட்டும் எம்ஐபிஜி ஸ்கேன் எடுத்தால் இதயம் படத்தில் தெரியாமலே போவது இதனால்தான். டிபிஎஸ் இந்த நரம்புகளை மீட்டுத் தராது. வைக்காமல் இருந்தாலும் இது முன்னேறியிருக்கும்.

சப்தலாமிக் நியூக்ளியஸைத் தூண்டுவது பிபியை என்ன செய்கிறது என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. 2006-இல் வந்த ஒரு சாய்மேசை (நோயாளியைப் படுக்கவைத்து நிமிர்த்தும் மேசை) ஆய்வில் கருவி ஓடும்போது பிபி தாங்கியது, நிறுத்தினால் இறங்கியது. 2007-இல் வந்த இன்னொன்றில் லெவோடோபா பிபியை இறக்கியது. தூண்டல் தன்னியக்க நரம்பு அளவீடுகளை மாற்றவில்லை. என் கணிப்பு, தூண்டலுக்கு நேரடி விளைவு இருந்தாலும் அது சிறியது, கொஞ்சம் ஏற்றும் பக்கம்தான். அந்த நியூக்ளியஸைச் சுற்றி ஸோனா இன்செர்டா என்ற பகுதி இருக்கிறது, உட்புறம் முன்னால் ஹைப்போதலாமஸ் இருக்கிறது. மின்சாரம் அங்கே கசிந்தால் சிம்பதெடிக் தூண்டப்படும். நாடி ஏறும், வியர்க்கும். நாள்பட்ட வலிக்காக நடுமூளையின் பெரியாக்விடக்டல் கிரே பகுதியில் மின்முனை வைத்தவர்களிடம் பிபி ஏறுவதையும் இறங்குவதையும் ஆக்ஸ்ஃபோர்டு குழு 2005-இல் காட்டியது. ஆனால் அது வேறு இடம், வேறு நோய். அதைப் படித்துவிட்டு பார்க்கின்சன் டிபிஎஸ்ஸுக்குப் பொருத்தக் கூடாது.

அப்படியானால் இப்போது ஏன்? எனக்கு நான்கு காரணங்கள் தெரிகின்றன.

நாலரை சின்டோபா 110 என்றதும் என் கண் அங்கேதான் போனது. அந்த மாத்திரையில் லெவோடோபா 100, கார்பிடோபா வெறும் 10. நாலரைக்கு 45 மி.கி. கார்பிடோபா. மூளைக்கு வெளியே லெவோடோபா டோபமினாக மாறுவதைத் தடுக்க ஒரு நாளைக்கு 70 முதல் 100 மி.கி. வேண்டும். அதற்குக் கீழே போனால் ரத்தத்தில் டோபமின் கூடும், குழாய்கள் விரியும், சிறுநீரகம் உப்பை வெளியே தள்ளும், குமட்டலும் வரும். அறுவைக்கு முன் ஒன்பது மாத்திரை சாப்பிட்டபோது 90 மி.கி. கிடைத்தது. லெவோடோபாவைப் பாதியாக்கியபோது காவலையும் பாதியாக்கிவிட்டார்கள். டிபிஎஸ்ஸுக்குப் பிறகு இது அடிக்கடி கவனம் தப்புகிறது. அதே லெவோடோபாவை 25/100 மாத்திரையில் கொடுத்தால் 112 மி.கி. கார்பிடோபா கிடைக்கும். மூளைக்குப் போகிற லெவோடோபாவும் கொஞ்சம் கூடலாம் என்பதால் கை கால் தானாக ஆடுகிறதா என்று முதல் வாரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பிராமிபெக்ஸோல். 3 மி.கி.யிலிருந்து 0.75-க்கு எத்தனை வாரத்தில் இறக்கினார்கள் என்று கேளுங்கள். வேகமாக இறக்கினால் டோபமின் அகனிஸ்ட் விலகல் நிலை வரும்: பதற்றம், வியர்வை, தூக்கமின்மை, மனச்சோர்வு, கூடவே நின்றால் பிபி இறக்கம். லெவோடோபாவைக் கூட்டினால் இது அடங்காது. பிராமிபெக்ஸோலைத் திரும்பக் கொஞ்சம் ஏற்றி மெதுவாக இறக்குவதுதான் வழி.

மூன்றாவது, பழைய பிபி மாத்திரைகள். பத்து வருடம் முன்பு அவருக்கு வேலை செய்த சிம்பதெடிக் நரம்பு இப்போது இல்லை. அம்லோடிபினும் டாம்சுலோசினும் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கின்றன.

நான்காவது, எளிதாக விட்டுப்போகும் விஷயம். முன்பு இறுக்கத்தோடு கட்டிலிலிருந்து எழவே ஒரு நிமிடம் ஆகியிருக்கும். பிபி அதற்குள் கொஞ்சம் சமாளித்துக்கொள்ளும். இப்போது சட்டென்று எழுகிறார்.

11 வருடமும் லெவோடோபாவுக்கு நன்றாகப் பலன் கொடுத்தவர் என்பதால் பார்க்கின்சன் போலவே தோன்றும் மல்டிபிள் சிஸ்டம் அட்ரோபி என்ற வேறு நோய் பற்றி இவரிடம் கவலைப்பட வேண்டியதில்லை. நோய் தொடங்கி இரண்டு மூன்று வருடத்துக்குள்ளேயே இப்படிச் சரிகிறவர்களிடம் அதை முதலில் நினைக்க வேண்டும். அவர்களுக்கு டிபிஎஸ் பலன் தராது.

---

பிசியோ மலர்

ஒரே ஒரு தடவை எடுத்த அளவை வைத்து மாத்திரை மாற்ற வேண்டாம் டாக்டர். வீட்டில் ஒரு வாரம் எழுதிவரச் சொல்லுங்கள். டிபிஎஸ் நோயாளிகளிடம் எந்த நேரத்தில் பார்த்தோம் என்பதுதான் எல்லாம்.

நான்கு நேரம் போதும். கண் விழித்ததும், முதல் மாத்திரைக்கு முன். முதல் மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து. காலைச் சாப்பாடு முடிந்து ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில். இரவு படுத்த பிறகு. ஒவ்வொரு தடவையும் 5 நிமிடம் படுத்து ஒரு அளவு, நின்று 1, 3, 5 ஆவது நிமிடத்தில் அளவு. படுக்கப்போகும் நேரத்தில் படுத்த அளவு மட்டும். பக்கத்தில் கடைசியாக மாத்திரை போட்ட நேரத்தையும் என்ன சாப்பிட்டார் என்பதையும் எழுத வேண்டும். 3 நிமிடம் வரை தாங்கி, 7, 8 நிமிடத்தில் இறங்குகிறவர்களும் உண்டு. குளியலறையில் விழுந்தேன், கோயில் வரிசையில் விழுந்தேன் என்கிறவர்களை 10 நிமிடம் நிற்க வைத்துப் பாருங்கள்.

நிற்கும்போது கையைத் தொங்கவிடக் கூடாது. கை தொங்கினால் அளவு 10, 15 கூடிக் காட்டும், இறக்கம் மறைந்துபோகும். பட்டை இதய மட்டத்தில் இருக்கும்படி நீங்கள் அவர் முழங்கையைத் தாங்கிப் பிடியுங்கள். அவரே கையைத் தூக்கி வைத்திருந்தால் தசை இறுகி அளவு ஏறும்.

நடுக்கமோ கை ஆட்டமோ இருக்கிற நேரத்தில் டிஜிட்டல் மெஷினை நம்பாதீர்கள். அது பட்டையில் வருகிற அதிர்வை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. நடுக்கமும் அதிர்வுதான். "எரர்" காட்டினால் பரவாயில்லை, காட்டாமல் தப்பான எண்ணைக் கொடுப்பதுதான் ஆபத்து. நடுக்கம் குறைந்த கையில் கட்டுங்கள், இரண்டு தடவை பாருங்கள். 10-க்கு மேல் வித்தியாசம் வந்தால் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் நோயாளிக்கு நின்றபோது சராசரி அழுத்தம் (கீழ் அளவோடு, மேல் கீழ் வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டியது) 77 வருகிறது. 75-க்குக் கீழே போகும்போதுதான் பெரும்பாலும் மூளைக்கு ரத்தம் போதாமல் அறிகுறி தெரியும். கிளினிக்கில் அவர் எல்லைக்கோட்டில் நிற்கிறார். பத்து மணிக்கு வீட்டில் அதைத் தாண்டியிருப்பார். அது சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரம், காலை மாத்திரையும் அம்லோடிபினும் சேர்ந்து வேலை செய்கிற நேரம். நாலு இட்லி, பொங்கல் என்று மாவுச்சத்தாக ஒரே மூச்சில் சாப்பிட்டால் ரத்தம் குடலுக்கு ஓடும். சிம்பதெடிக் இல்லாதவருக்கு அதை ஈடுகட்ட வழியில்லை. இரண்டு இட்லி எட்டு மணிக்கு, மீதி பத்தரைக்கு என்று பிரித்துக் கொடுத்துப் பார்க்கலாம்.

தலைசுற்றல் என்றே எல்லோரும் சொல்ல மாட்டார்கள். நின்றால் பிடரியும் தோளும் இழுத்துப் பிடிக்கிறது, படுத்தால் விட்டுவிடுகிறது என்பார்கள். அதுவும் பிபி இறக்கம்தான். கழுத்து எலும்புத் தேய்மானம் என்று காலர் மாட்டிவிடுகிறார்கள்.

---

டிபிஎஸ் நர்ஸ்

மகனிடம் உறுதியாகச் சொல்லிவிடுங்கள் டாக்டர்: வீட்டில் ரிமோட்டால் ஆஃப் செய்து பார்க்கக் கூடாது.

மாத்திரையைப் பாதியாகக் குறைத்த பிறகு மீதிப் பாதி வேலையைக் கருவிதான் செய்கிறது. அணைத்த சில நிமிடத்தில் நடுக்கம் திரும்பும். இறுக்கமும் அசைவின்மையும் அடுத்த மணி நேரங்களில் கூடிக்கொண்டே போகும். விழுங்க முடியாது, திரும்பிப் படுக்க முடியாது. நீண்ட நாள் வைத்திருப்பவர்களிடம் கருவி நின்றுபோனால் காய்ச்சலோடு உடம்பு கட்டையாகி ஐசியூ வரை போன நிலைகள் மருத்துவத்தில் பதிவாகியிருக்கின்றன. இதெல்லாம் நடந்தாலும் பிபி பற்றி ஒன்றும் தெரியாது. இறுக்கத்தாலும் பயத்தாலும் அளவு ஏறத்தான் செய்யும். "பாத்தீங்களா, ஆஃப் பண்ணா பிபி ஏறுது" என்று தப்பான முடிவுக்கு வருவார்கள்.

இந்தக் கேள்விக்கு விடை வேண்டுமென்றால் டிபிஎஸ் மையத்தில் ப்ரோகிராமிங் நேரத்தில் பார்க்கலாம். ஒவ்வொரு பக்கமாக 0.2, 0.3 மில்லியாம்பியர் ஏற்றும்போது உடம்பு சூடாகிறது, முகம் சிவக்கிறது, வியர்க்கிறது, படபடக்கிறது, குமட்டுகிறது என்றால் மின்சாரம் உட்புறமாகவோ கீழ்ப்புறமாகவோ கசிகிறது. தூண்டலை மின்முனையில் ஒரு காண்டாக்ட் (மின்சாரம் வெளிவரும் வளையம்) மேலே ஏற்றலாம். திசை காட்டித் தூண்டும் லீட் (மின்முனைக் கம்பி) இருந்தால் உட்புறத் துண்டை அணைத்துவிட்டு வெளிப்புறம் திருப்பலாம். அதிகமாக வெளிப்புறம் போனால் வாய் கோணும், பேச்சு குழறும், ஏனென்றால் அங்கே தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பிழைக் கட்டான இன்டெர்னல் கேப்ஸ்யூல் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் மில்லிமீட்டர் கணக்கில்தான் இடம். 2.6, 2.3 என்பவை வழக்கமான அளவுகள். அவை மட்டுமே பிபியை 54 இறக்காது.

ஒன்று மட்டும் சரிபாருங்கள்: இந்தத் தலைசுற்றல், கருவியின் அளவை ஏற்றிய தேதியிலிருந்து தொடங்கியதா, மாத்திரை குறைத்த தேதியிலிருந்தா? ப்ரோகிராமிங் சீட்டையும் மருந்துச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெரும்பாலும் விடை தெரிந்துவிடும். அளவு மாற்றுவதையும் மாத்திரை மாற்றுவதையும் ஒரே நாளில் செய்யாதீர்கள் என்று இதனால்தான் சொல்வோம்.

டிஜிட்டல் பிபி மெஷின் பயன்படுத்தலாமா என்று வீட்டில் கேட்பார்கள். தாராளமாகப் பயன்படுத்தலாம், கருவிக்கு ஒன்றும் ஆகாது. ஈசிஜியில் மட்டும் 130 ஹெர்ட்ஸ் இரைச்சல் பட்டையாக விழும். பட்டை அடர்த்தியாக விழுந்தால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத் துடிப்பு ஒழுங்கு கெடும் நோய்) என்று தப்பாகப் படித்துவிட வாய்ப்புண்டு. கழுத்து வலி, தோள் வலிக்கு ஷார்ட்வேவ் டயாதெர்மி (மின்னலைகளால் சூடு கொடுக்கும் பிசியோ சிகிச்சை) மட்டும் எந்தக் காரணத்துக்கும் கூடாது. மின்முனை நுனி சூடாகி மூளை வெந்துவிடும். மலர் மேடம் சொன்ன பிடரி வலிக்கு யாராவது டயாதெர்மி எழுதிவிடப் போகிறார்கள் என்றுதான் இதை இங்கேயே சொல்கிறேன்.

---

தாமிரபரணி

இடையில் ஒரு கேள்வி. எங்கள் பகுதியிலிருந்து டிபிஎஸ்ஸுக்குப் போகிற ஒருவருக்குப் படுத்தால் 160, நின்றால் 115. அறுவை அன்று பிபி மாத்திரை கொடுத்து அனுப்புவதா, நிறுத்தி அனுப்புவதா?

---

கோவை மயக்கவியல்

அதை நீங்களாக முடிவு செய்யாமல் அந்த மையத்தின் மயக்க மருந்து நிபுணரிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள். ஏன் என்று மட்டும் சொல்கிறேன்.

மின்முனை வைக்கிற கட்டத்தில் எங்கள் பயம் உயர் பிபி. மூளைக்குள் ஊசி போகும்போது ரத்தக் கசிவு ஆபத்து நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்கு உண்டு. பிபி ஏறினால் அது கூடும். அதனால் பெரும்பாலான இடங்களில் மேல் அளவை 140-க்குக் கீழே வைத்துக்கொள்வோம். ஆனால் முந்தின இரவே லெவோடோபாவை நிறுத்தியிருப்பார்கள், நடுக்கம் முழுசாக இருக்கும், தலையில் சட்டகம் திருகியிருக்கும், நோயாளி விழித்திருப்பார். பிபி ஏறாமல் என்ன செய்யும்? பிபியை இறக்க லேபெடலால் என்ற மருந்தைச் சிறு சிறு அளவாகக் கொடுப்போம். அமைதிப்படுத்த டெக்ஸ்மெடெடோமிடின் குறைந்த அளவில் ஓட்டுவோம். அதிகமானால் நோயாளி தூங்கிவிடுவார், மின்முனை பதிவும் மங்கும்.

அதே நாளோ சில நாள் கழித்தோ நெஞ்சில் பேட்டரி வைக்கும்போது முழு மயக்கம். அங்கே எதிர்ப்பக்கம் பயம். தன்னியக்க நரம்பு செத்தவருக்கு மயக்க மருந்து ஏறியதும் பிபி சரிந்து கிடக்கும். முந்தின இரவு டெல்மிசார்டன் போன்ற மருந்து சாப்பிட்டிருந்தால் மீட்பது இன்னும் சிரமம். ஆகவே வழக்கமாக அந்த வகையை 24 மணி நேரம் முன்பே நிறுத்தி, அம்லோடிபின் மாதிரி மற்றதைக் காலையில் ஒரு மடக்குத் தண்ணீரோடு கொடுக்கச் சொல்வோம். நின்றால் 115-க்கு இறங்குகிறவருக்கு அதுவும் ஆளைப் பார்த்து மாறும்.

ரசாஜிலின், செலஜிலின் என்ற பார்க்கின்சன் மாத்திரைகள் சாப்பிடுகிறவர் என்றால் கொட்டை எழுத்தில் எழுதி அனுப்புங்கள். பிபி இறங்கினால் எங்கள் கை பிபி ஏற்றும் எஃபெட்ரினுக்குப் போகும், இவர்களுக்கு அது பிபியை எகிற வைக்கலாம். சிறு அளவு ஃபீனைலெஃப்ரின் பாதுகாப்பு. பெதிடின், டிரமடால் கூடாது. வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடு கூடாது, ஆன்டான்செட்ரான் சரி. ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்பதை இதய டாக்டரும் நியூரோசர்ஜனும் சேர்ந்து சொல்ல வேண்டும்.

இன்னொன்று. தலையை உயர்த்தி வைத்துச் செய்கிற அறுவை இது. நடுவில் நோயாளி திடீரென்று இருமத் தொடங்கி, ஆக்ஸிஜன் அளவும் பிபியும் சேர்ந்து இறங்கினால் அது பார்க்கின்சன் பிபி இறக்கம் அல்ல, சிரைக்குள் காற்று போயிருக்கிறது. எலும்புத் துளையில் சலைன் ஊற்றி நிரப்பி, தலையை இறக்க வேண்டும். அந்த இருமல்தான் முதல் எச்சரிக்கை.

---

காவிரிக்கரை டாக்டர்

எல்லோருக்கும் நன்றி. சீட்டுகளை வாங்கிப் பார்த்தேன். கருவியின் அளவு கடைசியாக மாறியது ஏழு வாரம் முன்பு. பிராமிபெக்ஸோல் 3-லிருந்து 0.75-க்கு இறங்கியது இரண்டே வாரத்தில், அதுவும் இரண்டரை மாதம் முன்பு. பதற்றம், வியர்வை இல்லை. தூக்கம் நன்றாக இருக்கிறது. மயக்கம் தொடங்கியது ஆறு வாரம் முன்பு, மாத்திரையை 110-இல் நாலரையாக இறக்கிய வாரத்தில்.

இனி என் சிக்கல் படுத்த அளவு 158. நிற்கும் அளவை ஏற்ற மிடோட்ரின் கொடுத்தால் இது 190-க்குப் போகாதா? பிபி மாத்திரையை நிறுத்தவும் பயமாக இருக்கிறது.

---

வைகை நியூரோ

அந்தப் பயம் நியாயமானது. ஆனால் இவரைப் போன்றவருக்கு விழுந்து இடுப்பெலும்பு முறிவது இந்த வருடத்து ஆபத்து, 158 பத்து வருடத்து ஆபத்து. படுத்த அளவு 160 வரை பொறுத்துக்கொள்ளலாம்.

மிடோட்ரின் இப்போது வேண்டாம். முதலில் நிறுத்த வேண்டியதை நிறுத்துங்கள். டிபிஎஸ் மையத்திடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு 110-ஐ 25/100 ஆக மாற்றுங்கள். லெவோடோபா அதே 450, அதே வேளைகள். அம்லோடிபினை நிறுத்துங்கள். அதன் அரை ஆயுள் 30 முதல் 50 மணி நேரம், முழுதாக உடம்பை விட்டுப் போக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். மூன்றாம் நாளே அளந்துவிட்டு "ஒன்றும் மாறவில்லை" என்று அடுத்த மாத்திரைக்குத் தாவாதீர்கள். டாம்சுலோசினை யூராலஜிஸ்டைக் கேட்டு சிலோடோசினுக்கு மாற்றலாம். அதுவும் ரத்தக்குழாயைத் தளர்த்தக்கூடிய ஆல்ஃபா பிளாக்கர் வகைதான் என்றாலும் பிபியை இறக்குவது குறைவு.

டெல்மிசார்டன் 24 மணி நேரம் தாண்டியும் நிற்கும். இரவு சாப்பிட்டாலும் காலைப் பத்து மணிக்கு அது வேலை செய்துகொண்டுதான் இருக்கும். இரவு அளவு 160, 170 என்று நிற்குமானால் டெல்மிசார்டனுக்குப் பதிலாகப் படுக்கும்போது லோசார்டன் 50 கொடுத்துப் பாருங்கள், விடியும்போது அதன் பிடி தளர்ந்திருக்கும். தன்னியக்கச் செயலிழப்பு இருப்பவர்களிடம் இரவுச் சிறுநீரில் போகிற உப்பையும் அது குறைக்கிறது.

கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து 20 செ.மீ. உயர்த்துங்கள். தலையணையை அடுக்கினால் கழுத்து மடங்குமே தவிர பலன் இல்லை, முழு உடம்பும் சரிய வேண்டும். இது ஒரே வேலையில் இரண்டு பலன் தரும்: படுத்த பிபி குறையும், இரவுச் சிறுநீர் குறைந்து காலையில் ரத்த அளவு தங்கும். மட்டமாகப் படுக்கிறவர்கள் இரவெல்லாம் உப்பையும் நீரையும் இழந்துவிட்டு, விடியும்போது வறண்டு எழுகிறார்கள். காலை அளவுதான் நாளிலேயே மோசமாக இருப்பது அதனால்தான். பகலில் படுத்து ஓய்வெடுக்கக் கூடாது, சாய்வு நாற்காலி போதும்.

காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன் அரை லிட்டர் தண்ணீரை ஐந்து நிமிடத்துக்குள் குடிக்கச் சொல்லுங்கள். தன்னியக்க நரம்பு கெட்டவருக்கு இது மேல் அளவை 30 வரை ஏற்றும். ஐந்து நிமிடத்தில் தொடங்கி அரை மணியில் உச்சம், ஒன்றரை மணியில் போய்விடும். மடக்கு மடக்காக ஒரு மணி நேரம் குடித்தால் வேலை செய்யாது. மோராகவோ கஞ்சியாகவோ குடித்தாலும் அந்த விளைவு வராது, வெறும் தண்ணீர்தான். விழுங்குவதில் சிரமம் இருப்பவருக்கு இதைச் சொல்லாதீர்கள். உப்புக்கு மோரும் கஞ்சியும் நல்லது. இதயமும் சிறுநீரகமும் சரியாக இருப்பதால் ஒரு நாளைக்கு 6 முதல் 10 கிராம் உப்பு வரை இவருக்குத் தாங்கும். "பிபி ஆளு, உப்பு கம்மி பண்ணுங்க" என்று பத்து வருடம் முன்பு யாரோ சொன்னதை வீட்டில் இன்றும் பின்பற்றிக்கொண்டிருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகும் நின்ற சராசரி 75-ஐத் தொடவில்லை என்றால் மிடோட்ரின் 2.5 மி.கி. காலை எட்டு, மதியம் பன்னிரண்டு, மாலை நான்கு. கடைசி வேளைக்கும் படுக்கைக்கும் நடுவே நான்கு மணி நேரமாவது இருக்க வேண்டும். தலையில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஒவ்வாமை என்று பயந்து நிறுத்திவிடுகிறார்கள். ப்ராஸ்டேட் இருப்பதால் சிறுநீர் அடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஃப்ளூட்ரோகார்டிசோன் இவருக்கு என் முதல் தேர்வு இல்லை, படுத்த பிபியை அது இரவு பகல் பார்க்காமல் ஏற்றும். கொடுக்க நேர்ந்தால் 0.1 மி.கி.க்கு மேல் போகாமல் இரண்டு வாரத்தில் பொட்டாசியம் பாருங்கள்.

---

பிசியோ மலர்

வயிற்றுப் பட்டையை விட்டுவிட்டீர்கள் சார். முழங்கால் வரை மட்டும் போடுகிற இறுக்கக் காலுறை இவர்களுக்குப் பெரிதாக உதவாது, ரத்தம் தேங்குவது அதிகமும் வயிற்றில். பிரசவத்துக்குப் பிறகு கட்டுகிற மாதிரியான மீள்பட்டை மருந்துக் கடையிலேயே கிடைக்கும். படுத்த நிலையில் கட்டி, எழுந்து நடக்கும் நேரம் மட்டும் வைத்திருந்து, படுக்கும்போது அவிழ்க்க வேண்டும். டிபிஎஸ் பேட்டரி இவருக்கு நெஞ்சில்தானே? வயிற்றில் வைத்தவர்களும் சிலர் உண்டு, அவர்களுக்குப் பட்டை பேட்டரி மேல் அழுத்தக் கூடாது.

எழும் முன் கட்டிலில் உட்கார்ந்தபடி பாதத்தை 20 தடவை மேலும் கீழும் ஆட்டி, தொடையையும் புட்டத்தையும் இறுக்கி, அப்புறம் நிற்க வேண்டும். நின்றபின் கண் இருட்டினால் காலைப் பின்னிக்கொண்டு இறுக்கச் சொல்வார்கள். பார்க்கின்சனில் சமநிலை கெட்டவரிடம் அதைச் சொல்லாதீர்கள், விழுந்துவிடுவார். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கட்டும், அல்லது உடனே உட்காரட்டும். கத்திரி வெயில் நாட்களில் வெந்நீர்க் குளியலையும் மதியம் வெளியே நடப்பதையும் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடட்டும்.

---

டிபிஎஸ் நர்ஸ்

மையத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டிய சந்தர்ப்பம் எது என்று கேட்டால்: பிபி இறக்கத்தோடு நடுக்கமும் இறுக்கமும் திடீரென்று திரும்பினால் அது பேட்டரியோ வயரோ, அன்றைக்கே அனுப்புங்கள். நெஞ்சிலோ காதுக்குப் பின்னாலோ தையல் இடம் சிவந்து காய்ச்சலோடு பிபி இறங்கினால் அது தொற்று. உங்கள் கிளினிக்கில் ஆன்டிபயாட்டிக் தொடங்கிக் காத்திருக்க வேண்டாம். இந்த இரண்டும் இல்லாமல் மெதுவாக வந்த இறக்கம் என்றால், மாத்திரைகளைச் சரிசெய்து இரண்டு வாரப் பிபி குறிப்போடு அடுத்த ப்ரோகிராமிங் தேதிக்கே அனுப்பினால் போதும்.